காலேதா தெ சேபோ: ஆறில்லாத தீவில் ஓர் "ஆறு" (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒரு நவம்பரில் ஒன்பது நாள் லா கிராசியோசா தீவில் தங்கிவிட்டு வந்தேன். மணல் தெருவும் வெள்ளை வீடுமாக நாலு படம் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டதுதான் தப்பு. அன்றிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. "துபாய் பக்கமா?" என்று தொடங்கி "அங்கே வீடு வாங்க முடியுமா?" வரைக்கும் வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் வலிக்கிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது சரியாக எங்கே இருக்கிறது? பெயரை எப்படிச் சொல்வது?

ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளின் வடகிழக்கு ஓரம். வரைபடத்தில் ஸ்பெயினைத் தேடினால் கிடைக்காது, மொராக்கோவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் தேட வேண்டும். லான்சரோத்தே என்ற பெரிய தீவின் தலைமாட்டில் ஒட்டாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற 29 சதுர கிலோமீட்டர் நிலம்தான் லா கிராசியோசா. அதில் துறைமுகம் உள்ள ஒரே ஊர் காலேதா தெ சேபோ. "காலேதா" என்றால் சின்னக் கடற்குடா, "சேபோ" என்றால் கொழுப்பு. ஊர்க்காரர்கள் பாதி நேரம் வெறுமனே "லா காலேதா" என்பார்கள். தீவு முழுக்கச் சேர்த்து எழுநூற்றுச் சொச்சம் பேர், அத்தனை பேரும் அநேகமாக இந்த ஓர் ஊரில்தான்.

இந்தத் தீவும் பக்கத்தில் இருக்கிற இன்னும் சில குட்டித் தீவுகளும் பாறைகளும் சேர்ந்து "சினிஹோ" தீவுக்கூட்டம். அந்த ஊர்ப் பேச்சில் சினிஹோ என்றால் சின்னது, பொடிசு. சின்ன, சினிஹோ. தற்செயல்தான், மொழி ஆராய்ச்சி எதுவும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

கேனரி தீவுகள் ஏழு என்று படித்திருக்கிறேன். இது எட்டாவதா?

ஆமாம், 2018இலிருந்து. அதற்கு முன் இதை முழுத் தீவாகவே கணக்கில் வைக்கவில்லை, "குட்டித்தீவு" என்றுதான் ஆவணங்களில் இருந்தது. அந்த வருடம் கேனரி தீவுகளின் தன்னாட்சிச் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது தீவு என்று பெயர் போட்டுச் சேர்த்தார்கள். நிர்வாகம் மாறவில்லை. இன்னமும் லான்சரோத்தேயில் உள்ள தெகீசே நகராட்சிக்குக் கீழேதான். ஆனால் ஊரில் எட்டு என்ற எண்ணைச் சொல்லும்போது முகத்தில் ஒரு மிடுக்கு வருகிறது பாருங்கள், அதைச் சட்டத்தால் கொடுக்க முடியாது, கொடுத்ததும் சட்டம்தான், என்ன செய்வது.

எப்படிப் போவது? விசா?

கேனரி தீவுகள் ஷெங்கன் பகுதிக்குள் வருகின்றன. இந்திய பாஸ்போர்ட், இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், தனியாக வேறு எதுவும் வேண்டாம். மாட்ரிட் போன்ற ஐரோப்பிய நகரம் ஒன்றுக்குப் போய், அங்கிருந்து லான்சரோத்தேயின் அர்ரெசீஃபே விமான நிலையம். அங்கிருந்து தீவின் வடமுனையில் இருக்கும் ஓர்சோலா என்ற மீனவ ஊருக்குப் பஸ்ஸோ டாக்ஸியோ. பஸ்ஸுக்குக் கேனரி தீவுகளில் "குவாகுவா" என்று பெயர். முதல் தடவை கேட்டபோது யாரோ குழந்தையைக் கொஞ்சுகிறார்கள் என்று நினைத்தேன்.

ஓர்சோலாவில் படகு. சுமார் அரை மணி நேரப் பயணம், இரண்டு கம்பெனிகள் மாறி மாறி ஓட்டுகின்றன. போக வரச் சேர்த்து 25 முதல் 30 யூரோ வரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: கரையிலிருந்து கிளம்பியதும் வடமுனையைச் சுற்றும் வரை படகு திறந்த அட்லாண்டிக்கில் இருக்கும். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் காற்று அடிக்கிற நாளில் குடலைப் புரட்டிவிடும். நான் வயிறு நிறையக் காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஏறினேன். இதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை. முனையைத் தாண்டி இரண்டு தீவுகளுக்கும் நடுவே நுழைந்ததும் தண்ணீர் குளம் மாதிரி அடங்கிவிடும்.

அந்த நடுக்கடலைத்தான் "ஆறு" என்கிறார்களா?

அதேதான். எல் ரியோ, அதாவது "ஆறு". கேனரியின் இந்த மூலையில் ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது, ஓடையும் கிடையாது. இருப்பதெல்லாம் மழை பெய்தால் சில மணி நேரம் நனைகிற வறண்ட பள்ளங்கள். அப்படிப்பட்ட ஊரில், இரண்டு தீவுகளுக்கு இடையே குறுகலான இடத்தில் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு ஓடும் கடலுக்கு ஆறு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே மலை விளிம்பிலிருந்து பார்த்தால் தப்பில்லை என்றுதான் தோன்றும், இரண்டு கரை, நடுவில் பச்சையும் நீலமுமாக நீரோட்டம். நீங்கள் கேட்கப்போகிற மற்ற கேள்விகளில் பாதிக்கு இந்த ஆறுதான் பதில். தண்ணீர், கரண்ட், அரிசி, டாக்டர், கல்யாண மாப்பிள்ளை எல்லாமே அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

சுற்றிலும் கடல் இருக்கும்போது ஏன் இவ்வளவு வறட்சி?

கடல் இருந்தால் மழை வரும் என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே வருடத்துக்குச் சுமார் 100 முதல் 150 மில்லிமீட்டர்தான் மழை, நம் பக்கத்தில் ஒரு நல்ல புயல் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிற அளவு.

காரணம் உயரம். வடகிழக்கிலிருந்து வருடம் பூராவும் வீசுகிற வணிகக் காற்று ஈரத்தைக் கொண்டுதான் வருகிறது. ஆனால் அந்த ஈரம் மேகமாகத் திரள வேண்டுமானால் அதைத் தூக்கி நிறுத்த ஒரு மலை வேண்டும். தெனெரீஃபே மாதிரி பெரிய மலை உள்ள தீவுகளில் அது நடக்கிறது, அதனால் அங்கே காடே இருக்கிறது. லா கிராசியோசாவின் மிக உயர்ந்த இடம் 266 மீட்டர். காற்று அதைத் தடவிவிட்டுப் போய்விடும். போதாததற்கு அந்தப் பக்கம் கடல்நீரோட்டம் குளிர்ச்சியானது, கடலுக்கு மேலே உள்ள காற்றும் எழும்ப மாட்டேன் என்று கிடக்கும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் லான்சரோத்தேயில் ஃபமாரா மலைச்சுவர் நெட்டுக்குத்தாக நிற்கிறது, அதன் உச்சி 671 மீட்டர். பல நாள் காலையில் அதன் தலையில் மட்டும் மேகம் வெள்ளைத் துண்டு கட்டியதுபோல உட்கார்ந்திருக்கும். இங்கே வெயிலில் நின்றுகொண்டு அதை வேடிக்கை பார்க்கலாம்.

அப்புறம் "கலிமா" என்று ஒன்று உண்டு. சகாராவிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வருகிற சூடான காற்று. அது வருகிற நாளில் எதிரில் இருக்கிற மலைச்சுவரே மறைந்துவிடும், பல்லிடுக்கில் மண் நறநறக்கும். ஆப்பிரிக்கக் கரை லான்சரோத்தேயிலிருந்து 125 கிலோமீட்டர் அளவில்தான், சகாராவுக்கு அதெல்லாம் ஒரு தூரமே இல்லை.

அப்படியென்றால் குடிக்கிற தண்ணீர்?

இப்போது குழாயைத் திறந்தால் வருகிறது. லான்சரோத்தேயில் கடல்நீரை உப்பு நீக்கிக் கடலடிக் குழாயில் அனுப்புகிறார்கள், மின்சாரமும் அப்படியே கடலடிக் கேபிளில்தான் வருகிறது. கடல்நீரைக் குடிநீராக்கி ஊருக்கு விநியோகிக்கும் வேலையை ஐரோப்பாவில் முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று லான்சரோத்தே, 1960களிலேயே. தேவை அப்படி.

அதற்கு முன்னால் இரண்டே வழி. ஒன்று, "அல்ஹீபே" எனப்படும் நிலத்தடித் தொட்டிகள். பெய்கிற கொஞ்ச மழையைக் கூரையிலிருந்தும் சரிவுகளிலிருந்தும் அவற்றுக்குள் இறக்கிச் சேமிப்பது. இன்னொன்று, ஆற்றைத் தாண்டி ஃபமாரா மலைச்சுவரில் கசியும் குசா என்ற ஊற்று. மேகம் அங்கே உட்கார்வதால் பாறையிடுக்கில் கொஞ்சம் ஈரம் வடியும். படகு வலித்துப் போய், மலையில் ஏறி, பிடித்து, தூக்கி வந்து, மறுபடி படகு. ஒரு குடம் தண்ணீருக்குக் கடல் தாண்டியிருக்கிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டு அன்று ஷவரில் ரொம்ப நேரம் நிற்கக் கூச்சமாக இருந்தது.

நான் தங்கிய வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். குளியலறையில் ஒரு நீல வாளி வைத்திருந்தார், ஷவரில் சுடுநீர் வரும் வரை ஓடுகிற குளிர்ந்த தண்ணீரை அதில் பிடிக்கச் சொன்னார். முதல் நாள் மறந்துவிட்டேன். திட்டவில்லை. மறுநாள் வாளியைத் தானே எடுத்துச் சரியாக ஷவருக்குக் கீழே வைத்துவிட்டு "மி நின்யோ" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். "என் பிள்ளையே" என்று அர்த்தம், அங்கே கடைக்காரர்கூட எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். அந்த வாளித் தண்ணீர் சாயங்காலம் வாசலில் இருந்த நாலு கற்றாழைச் செடிக்குப் போகும். குழாய் வந்து எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது, வாளி போகவில்லை.

இப்படி ஓர் இடத்தில் யார், எதற்குக் குடியேறினார்கள்?

ரொம்ப காலம் யாரும் குடியேறவில்லை. வந்து போனவர்கள் நிறைய. 1402இல் கேனரி தீவுகளைப் பிடிக்க பிரான்ஸிலிருந்து வந்த ழான் தெ பெத்தான்கூர் கூட்டம் இங்கேதான் முதலில் நங்கூரம் போட்டது. லான்சரோத்தேக்காரர்கள் ஆடு மேய்க்கக் கொண்டுவந்து விடுவார்கள். துணிக்கு ஊதாச் சாயம் தருகிற "ஓர்ச்சில்யா" என்ற பாறைப்பாசியைச் சுரண்ட வருவார்கள். கடற்கொள்ளையர்களும் வந்திருக்கிறார்கள், ஆகவே புதையல் கதைகளுக்குப் பஞ்சமில்லை.

எனக்குப் பிடித்த வருகை 1799 ஜூன் 17. தென் அமெரிக்கா போகிற வழியில் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் ஏறியிருந்த பிசாரோ என்ற கப்பல் இந்தப் பக்கம் வந்தது. இங்கிலாந்தோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம், கடலில் ஆங்கிலேயக் கப்பல் இருக்கிறதா என்று யாரிடமாவது விசாரிக்க வேண்டும். கரையில் ஒரு கோட்டை தெரிந்ததும் கேப்டன் ஸ்பெயின் கொடியை ஏற்றி மரியாதை செய்து, விசாரித்து வர ஓர் அதிகாரியைப் படகில் அனுப்பினார். போய்ப் பார்த்தால் கோட்டை இல்லை, எரிமலைப் பாறை. பாறைக்கு சல்யூட் அடித்திருக்கிறார்கள். உலகம் சுற்றிய அந்த விஞ்ஞானி ஐரோப்பாவுக்கு வெளியே முதன்முதலில் கால் வைத்த மண் இந்த லா கிராசியோசாதான்.

நிரந்தரக் குடியிருப்பு 1880கள் வாக்கில்தான் வந்தது. ஆப்பிரிக்கக் கரையோரம் மீன் ஏராளம், அதைப் பிடித்து இங்கே கொண்டுவந்து உப்புப் போட்டுப் பதப்படுத்தி விற்கலாம் என்று ஒரு கம்பெனி கிளம்பியது. கம்பெனி தேறவில்லை. வேலைக்கு வந்த லான்சரோத்தேக் குடும்பங்கள் மட்டும் திரும்பிப் போகவில்லை. முதலாளி போய்த் தொழிலாளி தங்கிய ஊர் என்று இதைச் சொல்லலாம்.

பெண்கள் மீன் கூடையோடு மலையேறியது உண்மையா, டூரிஸ்ட் கதையா?

உண்மை. இந்தப் பக்கத்தையே நான் எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஆண்கள் கடலுக்குப் போவார்கள். சிலர் பக்கத்துக் கடலில், பலர் மாதக்கணக்கில் சகாரா கரையோரம். 1976இல் ஸ்பெயின் தன் ஆட்சியில் இருந்த மேற்குச் சகாராவை விட்டு வெளியேறும் வரை அந்தக் கடல்தான் இவர்களுடைய வயல். சரி, மீன் வந்துவிட்டது. இந்தத் தீவில் விளைகிறது ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கு, தானியம், காய்கறி எல்லாம் லான்சரோத்தே மலைக்கு மேலே ஹரியா பள்ளத்தாக்கு ஊர்களில் இருக்கிறது. மீனை அங்கே கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வருவது பெண்கள் வேலை. படகில் ஆற்றைத் தாண்டி மலைச்சுவருக்குக் கீழே மணல்கரையில் இறங்க வேண்டும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நானூறு மீட்டருக்கு மேல் நெட்டுக்குத்தான பாறையில் வளைந்து வளைந்து போகும் ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தபின் வீடு வீடாக, ஊர் ஊராக நடந்து மீனைக் கொடுத்து கிழங்கு வாங்க வேண்டும். பிறகு அந்தச் சுமையோடு அதே பாதையில் இறங்கி, கரையில் நின்று குரல் கொடுத்தோ தீ மூட்டியோ படகைக் கூப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு.

அந்தப் பாதை இன்றும் இருக்கிறது, "கமீனோ தெ லோஸ் கிராசியோசேரோஸ்", லா கிராசியோசாக்காரர் பாதை. லான்சரோத்தேயில் யே என்ற குக்கிராமத்துப் பக்கம் தொடங்கும் (ஆமாம், ஊர்ப் பெயர் யே, "யே!" என்று யாரையோ கூப்பிடுகிற மாதிரி). நான் ஊர் திரும்பும் முன் ஒரு நாள் லான்சரோத்தேயில் தங்கி அதில் இறங்கி ஏறினேன். கையில் ஒரு லிட்டர் தண்ணீர், காலில் நல்ல ஷூ, தலையில் தொப்பி மட்டும். இறங்க ஒரு மணி நேரம் ஆகவில்லை. ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஆறேழு இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு திருப்பத்தில் பாறை வழுவழுப்பாகத் தேய்ந்து பளபளத்தது, உட்காரத் தோதான உயரம், கூடையை இறக்காமலே சாய்த்து வைக்கலாம். அது எத்தனை பேர் உட்கார்ந்து தேய்ந்ததோ, வெறும் மழையும் காற்றும் செய்ததோ, எனக்கு உட்காரக் கிடைத்தது போதும் என்றிருந்தது.

கீழே கரையில் இளஞ்சிவப்பாக ஒரு சதுரம் தெரியும், அது பழைய உப்பளம். கேனரி தீவுகளிலேயே மிகப் பழையது என்கிறார்கள். இப்போது உப்பு எடுப்பதில்லை, தேங்கிய உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்களால் அந்த நிறம்.

மலை விளிம்பில் மிராதோர் தெல் ரியோ என்ற காட்சிமாடம் இருக்கிறது. சேசார் மான்ரிக்கே என்ற லான்சரோத்தேக் கலைஞர் பாறைக்குள் ஒளித்துவைத்ததுபோல் கட்டி 1973இல் திறந்தது. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து அங்கிருந்து லா கிராசியோசாவைப் படமெடுக்கிறார்கள். அருமையான கட்டடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு முன் காபியோடு நிற்பவர்களிடம், சற்றுத் தள்ளி அதே மலையில் மீன் கூடையோடு ஏறிய பாதை இருக்கிறது என்று யாராவது சொல்லலாம் அல்லவா?

ரோடே கிடையாதாமே?

தார் ரோடு கிடையாது. ஊருக்குள்ளும் மணல்தான், வீட்டு வாசலிலிருந்து துறைமுகம் வரை மணல். வெளியூர் வண்டி கொண்டுவர முடியாது. அனுமதி பெற்ற உள்ளூர் ஜீப்புகள் டாக்ஸியாக ஓடுகின்றன, மற்றபடி வாடகை சைக்கிள் அல்லது நடை. சைக்கிள் எடுப்பதானால் சக்கரம் தடிமனானதாகக் கேளுங்கள், மணலில் புதைந்து தள்ளிக்கொண்டே போவது சவாரியில் சேராது. சக்கரம் வைத்த சூட்கேஸ் வேண்டவே வேண்டாம், முதுகுப் பைதான். படகிலிருந்து இறங்கி மணலில் சூட்கேஸை இழுக்கிறவர்களைத் துறைமுகத்து காபிக்கடையில் உட்கார்ந்து பார்ப்பது ஊர்ப் பெரியவர்களின் காலைப் பொழுதுபோக்கு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

கஷ்டம், ஆனால் பட்டினி இல்லை. "பாப்பாஸ் அர்ருகாதாஸ்" இருக்கிறது. சின்னச் சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு, உப்பை அள்ளிப் போட்ட தண்ணீரில் வேகவைத்து, தண்ணீர் வற்றித் தோல் சுருங்கி உப்புப் பூக்கும் வரை விட்டுவிடுவார்கள். முன்பெல்லாம் கடல்நீரிலேயே வேகவைப்பார்களாம், நல்ல தண்ணீர் அப்படி அருமை. தொட்டுக்கொள்ள "மோஹோ", சிவப்பு மோஹோவில் மிளகாய், பூண்டு, சீரகம், எண்ணெய், வினிகர். வாயில் வைத்ததும் பூண்டுச் சட்னி ஞாபகம் வந்து கண் கலங்கியவர்களில் நானும் ஒருவன். சுட்ட ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் கிடைக்கும். "கோஃபியோ" என்பது வறுத்துத் திரித்த சோள அல்லது கோதுமை மாவு, பாலில் கரைத்துக் கொடுத்தால் சத்துமாவுக் கஞ்சிதான். ஆனால் கோஃபியோவைக் கிண்டிக் கொண்டுவந்து வைத்தால் கேளுங்கள், பெரும்பாலும் மீன் குழம்புச் சாற்றில்தான் கிண்டியிருப்பார்கள். காய்கறி சாலட் என்று சொன்னாலும் மேலே சூரை மீன் வந்து உட்காரும். "கறி வேண்டாம்" என்றால் மீன் கொடுப்பார்கள். மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும், பரிதாபமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. "பியேஹா" என்ற கிளிமீன் வகையைக் கேளுங்கள், பேருக்கு "கிழவி" என்று அர்த்தம், சுவை அப்படியில்லை.

ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாமா?

திரும்பலாம், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். காலைப் படகில் வந்து, ஜீப்பில் ஒரு சுற்று, ஒரு குளியல், மத்தியானம் மீன், சாயங்காலப் படகு. தப்பில்லை. ஆனால் கடைசிப் படகு போனபிறகுதான் ஊர்க்காரர்கள் நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். பகலில் காணாமல் போயிருந்த பிள்ளைகள் துறைமுகத்துத் தண்ணீரில் குதிக்கிறார்கள். வண்டிச் சத்தம் கிடையாது, தெருவில் செருப்புச் சத்தம்கூடக் கிடையாது, மணல் விழுங்கிவிடுகிறது. ஒரு ராத்திரியாவது தங்குங்கள். அறை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் லான்சரோத்தே ஜனங்களே குடும்பம் குடும்பமாக வந்து ஊரையொட்டிய எல் சலாதோ கடற்கரையில் கூடாரம் போட்டுவிடுவார்கள், அதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஜூலை 16 கார்மேல் மாதா திருவிழா, மீனவர்களின் மாதா. சிலையைப் படகில் ஏற்றிக் கடலில் ஊர்வலம் போவார்கள். நான் அதைப் பார்க்கவில்லை, படத்தில்தான் பார்த்தேன், நவம்பரில் போனதற்காக வருந்துகிற ஒரே விஷயம் அது.

கடலில் குளிக்கலாமா?

ஆற்றுப் பக்கம் இருக்கிற கடற்கரைகளில் தாராளமாக. பிரான்சேசா கடற்கரை ஊரிலிருந்து நடந்தே போகலாம், முக்கால் மணி நேரம். அதற்கு அப்பால் மஞ்சள் மலையின் காலடியில் லா கொசீனா, பேருக்குச் "சமையலறை". தண்ணீர் கண்ணாடி.

வடமேற்கில் இருக்கும் லாஸ் கோன்சாஸ் கடற்கரைதான் எல்லா அஞ்சல் அட்டையிலும் இருப்பது. செம்மலைக்குக் கீழே வெளிர்மணல், எதிரே மொந்தாஞ்ஞா கிளாரா தீவு. அங்கே குளிக்காதீர்கள். அது திறந்த அட்லாண்டிக்கைப் பார்த்த கரை, அடியில் இழுப்பு பலம், பார்க்க அமைதியாக இருக்கிற நாளிலும்கூட. கால் நனையுங்கள், உட்காருங்கள், திரும்புங்கள். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை, ஊரிலிருந்து நடந்தால் ஒன்றரை மணி நேரம், குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள்.

பக்கத்துக் குட்டித் தீவுகளுக்குப் போகலாமா?

படகில் சுற்றி வந்து பார்க்கலாம், இஷ்டத்துக்கு இறங்க முடியாது. 1995இல் இந்தப் பகுதியில் சுமார் 700 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாப்பு வளையத்துக்குள் கொண்டுவந்தார்கள். அலெக்ரான்சாவில் 1865இல் கட்டிய ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. "பர்தேலா" என்ற கடற்பறவை ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் தீவு அது. முன்பு அதன் குஞ்சுகளைப் பிடித்து உப்புக்கண்டம் போடுவார்கள், இப்போது தடை. ராத்திரியில் அந்தப் பறவை கத்துவது பச்சைக்குழந்தை அழுவது மாதிரியே இருக்கும், முன்னமே சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

சின்ன மருத்துவ நிலையம், மருந்துக்கடை, ஏடிஎம் எல்லாம் உண்டு. பெரிதாக ஏதாவது என்றால் ஹெலிகாப்டர் அல்லது படகு, லான்சரோத்தேயில் ஆஸ்பத்திரி. பிரசவமும் அங்கேதான். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துப் போங்கள், கடல் கொந்தளித்தால் படகு நிறுத்திவிடுவார்கள்.

அங்கே வீடு வாங்கலாமா? (மாமா, இது உங்களுக்கு)

வேண்டாம் மாமா. ஊர் எல்லைக்கு வெளியே தீவு கிட்டத்தட்ட முழுவதும் ஸ்பெயின் அரசாங்கத்தின் நிலம், இயற்கைப் பூங்கா, ஒரு செங்கல் வைக்க முடியாது. ஊருக்குள் இருக்கிற இடத்துக்கே உள்ளூர்ப் பிள்ளைகள் தவிக்கிறார்கள். கல்யாணம் ஆனவர்கள் தனியாகப் போக வீடில்லை, இருக்கிற வீட்டையெல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் லாபம். நான் கொடுத்த வாடகையும் அந்தக் கணக்கில் சேரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தீவின் இன்னொரு குடியிருப்பான பேத்ரோ பார்பாவைப் போய்ப் பாருங்கள். முன்பு மீனவர்கள் இருந்த இடம், அவர்கள் விட்டுப்போனபின் விடுமுறை வீடுகளாக அழகாகச் சீரமைத்திருக்கிறார்கள். நான் போன நாள் பூச்செடிகள் இருந்தன, சின்னப் படகுத்துறை இருந்தது, ஓர் ஆளைக்கூடக் காணோம்.

வரும்போது என்ன வாங்கிவரலாம்?

பெண்கள் வெயிலுக்குப் போடுகிற, ஓலையில் பின்னிய அகல விளிம்புத் தொப்பி ஒன்று உண்டு, கிடைத்தால் வாங்குங்கள். நான் வாங்கியது "ஹரேயா". மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்து விரித்து, உப்புத் தடவி, துணி காயப்போடுகிற மாதிரி வாசல் கொடியில் வரிசையாக மாட்டிக் காற்றில் காயவைக்கிறார்கள், அசல் கருவாடு. வீட்டுக்காரம்மா நாலு துண்டு செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் மூன்று பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டிக் கொடுத்தார். போதாது. மாட்ரிட் விமான நிலையத்தில் என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே இருந்தது. நான் இருப்பது ஜெர்மனியில், அதனால் சுங்கச் சிக்கல் இல்லை. இந்தியாவுக்குக் கொண்டுபோவதானால் விதியைப் பார்த்துக்கொண்டு போங்கள். வீட்டில் அதை ஊறவைத்து, சின்ன வெங்காயமும் புளியும் போட்டுக் குழம்பு வைத்தேன், உப்பு மட்டும் போடவில்லை.